கோப்பில் கிடப்பதெல்லாம் பதிவேடா? – வாசகர் கேள்வி பதில்

அலுவலகத் தாள்களைப் பேணுவதும் கழிப்பதும் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகின்றது. கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் பதிவறை கூரை மட்டத்துக்கு நிரம்பிவிட்டது. மாரி மழைக்கு முன்னர் வேண்டாதவற்றைக் கழித்துவிடுமாறு பணிப்பு வந்துள்ளது. கையொப்பமும் முத்திரையும் உள்ளவை பதிவேடு, மற்றவை வெறும் தாள் என்று மூத்த உத்தியோகத்தர் ஒருவர் கூறுகின்றார். அந்த அடிப்படையில் பிரிக்கலாமா?
– முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், செங்கலடி

பதில்: அந்த அடிப்படையில் பிரித்தால் வைத்திருக்க வேண்டியவற்றுள் ஒரு பகுதி நெருப்புக்குப் போகும், கழிக்கத்தக்கவற்றுள் ஒரு பகுதி இன்னும் இருபது ஆண்டுகள் இறாக்கையில் கிடக்கும். கையொப்பம், முத்திரை, கடிதத் தலைப்பு ஆகியன ஒரு தாள் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுமே தவிர, அது உங்கள் அலுவலகத்தில் என்ன வேலை செய்தது என்பதைக் காட்டமாட்டா. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த அலுவலகம் ஒரு கடமையைச் செய்ததற்கோ, ஒரு தீர்மானத்தை எடுத்ததற்கோ, ஒரு கொடுப்பனவைச் செலுத்தியதற்கோ, ஒருவருடைய உரிமையை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ இந்தத் தாள் சான்றாக நிற்கின்றதா? நிற்கின்றதென்றால் அது பதிவேடு. பென்சிலால் எழுதிய துண்டாக இருந்தாலும், கணினியில் மட்டும் இருந்தாலும் பதிவேடுதான். பதிவேட்டு முகாமைத்துவத்துக்கான சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 15489, 2001 இல் வெளியாகி 2016 இல் திருத்தப்பட்டது. அதுவும் தாளின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை. சட்டக் கடப்பாட்டின் பொருட்டோ அலுவலின் போக்கிலோ உருவாக்கப்பட்டு அல்லது பெறப்பட்டு, சான்றாகப் பேணப்படும் தகவலையே அது பதிவேடு என்கின்றது.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம். கிராமத்து வீதியொன்றில் மதகு கட்டிய கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரவர்களின் கோரிக்கைக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, விலைக்கோரல்கள், ஒப்பந்தம், அளவீட்டுத் தாள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வவுச்சரின் பிரதி ஆகியன அதில் இருக்கும். இவற்றைப் பற்றி ஐயமில்லை. அவற்றோடு மதிப்பீட்டின் நான்கு மேலதிகப் பிரதிகள், நிரப்பாத வெற்றுப் படிவங்கள், சீமெந்து நிறுவனமொன்றின் விலைப்பட்டியல், வேறொரு திணைக்களம் எல்லோருக்கும் அனுப்பிய கருத்தரங்கு அழைப்பிதழ், திறப்பு விழாவுக்கு எடுத்த சோற்றுப் பார்சல்களின் பட்டியல் ஆகியவையும் இருக்கும். படிவங்களையும் அழைப்பிதழையும் தயங்காமல் எடுத்துவிடலாம். விலைப்பட்டியலில் சற்று நின்று பார்க்க வேண்டும்: மதிப்பீட்டில் உள்ள விலைக்கு அதையே ஆதாரமாகக் காட்டியிருந்தால் அது கோப்பிலேயே இருக்க வேண்டும். சோற்றுப் பார்சல் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தச் செலவு அலுவலகப் பணத்தில் போயிருந்தால், கணக்காய்வு கேட்கும் முதல் தாள் அதுவாகவே இருக்கும்.

மேலதிகப் பிரதிகள் நான்கையும் ஒவ்வொன்றாகப் புரட்டாமல் கழிக்க வேண்டாம். அவற்றுள் ஒன்றின் ஓரத்தில், ‘தொகை கூடியுள்ளது, நீளத்தை மீள அளக்கவும்’ என்று பிரதேச செயலாளர் எழுதிச் சிற்றொப்பமிட்டிருக்கக்கூடும். அப்படியென்றால் அது பிரதி என்ற நிலையை இழந்துவிட்டது. மூலத்தில் இல்லாத ஒரு பணிப்பு அதில் மட்டுமே உள்ளதால் அதுவே தனியொரு பதிவேடு. பிரதி என்று எண்ணிக் கழிக்கப்படும் தாள்களில்தான் அலுவலகங்கள் அதிகம் இழக்கின்றன என்பது என் கருத்து. வரைவுகளும் இவ்வாறே. எழுத்துப்பிழை திருத்திய வரைவுக்கு, இறுதிக் கடிதம் போனபின் வேலை இல்லை. ‘அனுமதிக்கலாம்’ என்றிருந்ததை மேலதிகாரி காரணம் எழுதி ‘அனுமதிக்க முடியாது’ என்று மாற்றிய வரைவு, அந்தத் தீர்மானம் எப்படிப் பிறந்தது என்பதற்கு எஞ்சியுள்ள ஒரே சாட்சி.

இனி, கழிப்பதைப் பற்றி. பதிவேடு அல்லாதவை என்று உறுதியானவற்றை அலுவலகத் தலைவரின் அறிவுடன் நீக்கலாம். பதிவேடுகள் பழையவையாகிவிட்டன என்பதற்காக நீங்களோ உங்கள் மேலதிகாரியோ அவற்றை அழித்துவிட முடியாது. 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின்படி, அரச பதிவேடுகளை அழிப்பதற்குத் தேசிய சுவடிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எந்த வகைப் பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்ற அட்டவணை உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இல்லையென்றால் பதிவறைக்குள் இறங்குவதற்கு முன்னர் அதைத் தயாரிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பணிப்பு வாய்மொழியாக வந்ததாயின் அதையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது உங்களுக்கு நல்லது.

கேள்வி: அமைச்சிலிருந்து வரும் சுற்றறிக்கைகளை ஒவ்வொரு விடய உத்தியோகத்தரும் தனித்தனியே கோப்பிட்டு வைத்திருக்கின்றார்கள். இவையெல்லாம் பதிவேடுகளா?
– நிருவாக உத்தியோகத்தர், சம்மாந்துறை

பதில்: இல்லை. சுற்றறிக்கையை வெளியிட்ட அமைச்சுக்கு அது பதிவேடு. உங்கள் அலுவலகத்துக்கு ஒரு முழுமையான தொகுப்பு, பொதுவாக நிருவாகக் கிளையில், இருந்தால் போதும். மேசைகளில் உள்ளவை வசதிக்கான பிரதிகள். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றது: வசதிக்காக மாத்திரம் வைத்திருக்கும் மேலதிகப் பிரதிகள், உசாத்துணைக்காகச் சேர்த்த நூலகப் பொருள்கள் ஆகியன பதிவேடு என்ற வரைவிலக்கணத்துக்குள் அங்கு வருவதில்லை. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாதாயினும், அந்தப் பாகுபாடு எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். ஒரு விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட விண்ணப்பமொன்றைச் சுற்றறிக்கையொன்றின் இன்ன பந்தியின்படி நிராகரித்ததாகக் கோப்பில் எழுதி, அந்தச் சுற்றறிக்கையை அதனுடன் இணைத்திருந்தால், அந்த இணைப்பைப் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நான் கொப்பியில் எழுதிய குறிப்பில் நீர் திறக்கும் திகதி ஒன்று, பின்னர் வந்த தட்டச்சு செய்த கூட்ட அறிக்கையில் வேறொன்று, அதிகாரி ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியில் மூன்றாவது ஒன்று. வயல்களுக்கு நீர் பங்கிடும் எங்கள் வட்டவிதானைமார் என் கொப்பியைத்தான் நம்புகின்றார்கள். இவற்றில் எது பதிவேடு?
– கமக்காரர் அமைப்புச் செயலாளர், வெல்லாவெளி

பதில்: மூன்றும் வெவ்வேறு நிலையில் உள்ளவை. கூட்டத்தை நடத்திய அலுவலகம் தயாரித்து, தலைமை தாங்கியவர் உறுதிப்படுத்திய கூட்ட அறிக்கையே அக்கூட்டத்தின் உத்தியோகபூர்வப் பதிவேடு. உங்கள் கொப்பி உங்களது நினைவுக்காக எழுதப்பட்டது. அறிக்கை உறுதியானதும் அதற்குப் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் இங்கே முரண்பாடு எழுந்துள்ளதால், அறிக்கை பிழை என்று நீங்கள் எழுத்தில் ஆட்சேபிக்கும்வரைக்கும், ஆட்சேபம் தீரும்வரைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுதிய பக்கத்தில் இப்போது எதையும் சேர்க்கவோ வெட்டவோ வேண்டாம். மை மாறியிருப்பதை எவரும் கண்டுகொள்வார்கள்.

பதிவேடு என்பதனால் அதில் உள்ளது உண்மை என்று ஆகிவிடாது. ஓர் அலுவலகம் இன்ன நாளில் இன்னது என்று ஏற்று எழுதியது என்பதற்கே அது சான்று. ஆகவே அறிக்கையில் திகதி பிழையாக விழுந்திருந்தால், அந்த அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதியதொன்றை அதே திகதியில் தட்டச்சு செய்வது தவறு. அடுத்த கூட்டத்தில், ‘கடந்த அறிக்கையின் இன்ன பந்தியில் இன்ன திகதி என இருத்தல் வேண்டும்’ என்று திருத்தம் பதியப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்தே பேணப்பட வேண்டும்.

வட்ஸ்அப் செய்திதான் மூன்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டியது. கூட்டம் முடிந்தபின், மழை முந்திவிட்டது அல்லது வாய்க்கால் திருத்தம் முடியவில்லை என்ற காரணத்தால் பொறுப்பான அதிகாரி திகதியை மாற்றி அறிவித்திருந்தால், அது பழைய தீர்மானத்தின் பிரதியல்ல, புதிய தீர்மானம். நூற்றுக்கணக்கான ஏக்கரில் விதைப்பு அந்தச் செய்தியைப் பார்த்தே நடந்திருக்கும். பயிர் அழிந்து நட்டஈடு கேட்கும் நாளில், எப்போது நீர் வரும் என்று சொல்லப்பட்டது என்பதே முதற் கேள்வியாக வரும். எனவே அந்தச் செய்தி, அதை அனுப்பிய அதிகாரியின் அலுவலகத்துக்குப் பதிவேடு. அனுப்பியவர், நாள், நேரம் தெரியும்படி அச்செடுத்து, உரிய கோப்பில் பக்க இலக்கமிட்டுச் சேர்ப்பது அந்த அலுவலகத்தின் கடமை. அதிகாரியின் கைபேசி மாறும் அன்று அது காணாமற் போய்விடக் கூடாது. அதே குழுவில் வந்த ‘காலை வணக்கம்’ படங்களையும், ‘சரி சேர்’ என்ற பதில்களையும் எவரும் அச்செடுக்க வேண்டியதில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட வலு மறுக்கப்படலாகாது என்று கூறுவதையும் அலுவலகங்கள் நினைவில் வைக்கலாம்.

உங்கள் அமைப்புக்கென்று தனிப் பதிவேடுகள் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். அங்கத்தவர் இடாப்பு, பணப் புத்தகம், பொதுக்கூட்டத் தீர்மானப் புத்தகம் ஆகியவை செயலாளர் மாறும்போது கையளிக்கப்பட வேண்டியவை. அவை முன்னாள் செயலாளரின் வீட்டு அலுமாரியில் தங்கிவிடுவது நமது பகுதியில் சாதாரணமாகிவிட்டது.

கேள்வி: வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் காணியைப் பார்வையிட்ட குறிப்பின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். அது அவருடைய சொந்த நாட்குறிப்பு, உத்தியோகபூர்வப் பதிவேடு அல்ல, ஆகவே தர முடியாது என்று பதில் வந்தது. இது ஏற்கத்தக்கதா?
– வாசகி, கல்லடி

பதில்: இந்தப் பதிலில் இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் குழைக்கப்பட்டுள்ளன. பதிவேடா இல்லையா என்பது பேணுதல், கழித்தல் தொடர்பான பாகுபாடு. கொடுக்கலாமா முடியாதா என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தீர்மானிக்கின்றது. அச்சட்டம் ‘தகவல்’ என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் மிக அகலமானது. பதிவேடுகளோடு குறிப்புகள், மின்னஞ்சல்கள், அபிப்பிராயங்கள், சம்பவத் திரட்டுப் புத்தகங்கள், வரைபடங்கள், ஒலிப்பதிவுகள், கணினிப் பதிவுகள், அவற்றின் பிரதிகள் என்று அது நீள்கின்றது. மேலதிகப் பிரதி என்று அலுவலகம் ஒதுக்கிவைத்த தாள்கூட, அது அலுவலகத்தின் உடைமையில் இருக்கும்வரை, கேட்கத்தக்க தகவல்தான். ஆகவே ‘பதிவேடு அல்ல’ என்பது மறுப்புக்குரிய காரணமாகாது. மறுக்க வேண்டுமாயின், தனிப்பட்டவரின் அந்தரங்கம், தேசிய பாதுகாப்பு முதலாக அச்சட்டத்தின் 5 ஆம் பிரிவில் உள்ள காரணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும்.

நாட்குறிப்பு சொந்தமானதா என்பதை அதன் அட்டையை வைத்துத் தீர்மானிக்க இயலாது. அவர் தம் காசில் வாங்கிய கொப்பியாக இருக்கலாம். பிள்ளையின் மருந்து வாங்கும் நாளும், கூட்டம் நடக்கும் நாளும் அதே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் கடமை நேரத்தில், கடமைக்காக உங்கள் காணிக்குப் போய், எல்லைக் கல் எங்கே நின்றது, வேலி எந்தப் பக்கம் தள்ளியிருந்தது என்று எழுதிய வரிகள் அவருடைய சொந்த விடயம் அல்ல. அக்குறிப்பிலிருந்து முறையான அறிக்கையொன்று தயாரித்துக் கோப்பில் இட்டிருந்தால் அறிக்கையே பதிவேடு. அதன் பிரதியை உங்களுக்குத் தரலாம். அறிக்கை எழுதப்படாமல், குறிப்பை வைத்தே தீர்மானம் எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கமே பதிவேடாகின்றது. சொந்த வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரும் வழி உண்டு.

தகவல் உத்தியோகத்தரின் மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள், அதே அலுவலகத்துக்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் திருப்தி இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். மேன்முறையீட்டில், ‘பார்வையிட்டதன் பின்னர் தயாரித்த அறிக்கை, அது இல்லையெனின் பார்வையிட்டபோது எழுதிய குறிப்பு’ என்று இரண்டையும் கேளுங்கள். இன்னொன்றையும் அலுவலகத்தாருக்குச் சொல்லி வைக்கலாம்: கோரிக்கை வந்தபின் அந்தக் கொப்பி காணாமற் போனால் விடயம் வேறு. தகவலை அழிப்பதும் மறைப்பதும் அச்சட்டத்தின் கீழ்க் குற்றம்.

கேள்வி: பதிவேடுகளை 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கின்றதாமே? அப்படியாயின் பத்தாண்டு கடந்த கோப்புகளைக் கழித்துவிடலாம்தானே?
– விடய உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

பதில்: முடியாது. சட்டத்தின் 7 ஆம் பிரிவு கூறுவது ஆகக் குறைந்த காலத்தை. 2017 பெப்ரவரி 3 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கையில் இருந்த பதிவேடுகளை அன்றிலிருந்து 10 ஆண்டுகளுக்குக் குறையாமலும், அதன்பின் உருவானவற்றை அவை உருவான நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும். 2027 பெப்ரவரி நெருங்கும்போது பல அலுவலகங்களில் பெரிய துப்புரவொன்று நடக்கும் என்று அஞ்சுகின்றேன். அந்தக் காலம் முடிந்தாலும் தேசிய சுவடிகள் சட்டம் அப்படியே நிற்கும். காணி, ஓய்வூதியம் போன்றவற்றுக்குப் பத்தும் பன்னிரண்டும் போதவே போதா.

கேள்வி: 2004 ஆழிப்பேரலையில் எங்கள் வீட்டுப் பத்திரங்கள் போய்விட்டன. அலுவலகத்திலும் மூலக்கோப்பு இல்லை. உறவினர் வீட்டில் எங்கள் காணி அனுமதிப்பத்திரத்தின் பழைய நிழற்பிரதி அகப்பட்டது. பிரதியை ஏற்க முடியாது என்கின்றார்கள்.
– வாசகர், காரைதீவு

பதில்: மூலம் இருக்கும்வரை பிரதி பிரதிதான். மூலம் அழிந்துவிட்டால் எஞ்சியுள்ள பிரதியின் நிலை மாறுகின்றது. வெள்ளமும் 1978 கார்த்திகைச் சூறாவளியும் ஆழிப்பேரலையும் போரும் கண்ட இந்தக் கரையில், வேறோர் அலுவலகம் தன் வசதிக்காக வைத்திருந்த பிரதியே இன்று ஒரே பதிவேடாக நிற்கும் இடங்கள் உண்டு. ஆனாலும் அலுவலகத்தின் தயக்கத்தை முழுவதும் பிழை என்று சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகள் எங்கே, யார் கையில் இருந்தது என்று தெரியாத நிழற்பிரதியை, ஒத்துப்பார்க்க வேறொன்றும் இல்லாமல் ஏற்பது மற்றவருடைய உரிமைக்கும் ஆபத்து.

ஆகவே ஒத்துப்பார்ப்பதற்கு உரியவற்றைத் தேடுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரமாயின், பிரதேச செயலகத்தில் அதற்குரிய பேரேடு இருத்தல் வேண்டும். கோப்பு போயிருந்தாலும் பேரேடு தப்பியிருக்கலாம். காணிப் பதிவகத்திலும், நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்களிலும் அதே இலக்கம் தேடப்பட வேண்டும். அனுமதி 1961 க்கு முற்பட்டதாயின், அம்பாறை தனி மாவட்டமாகாத காலம் அது. மட்டக்களப்புக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) பழைய பதிவேடுகளிலும் தேடும்படி எழுத்தில் கேளுங்கள். இலக்கம் இரண்டு இடங்களில் பொருந்தினால், உங்கள் நிழற்பிரதியைச் சான்றுப்படுத்தி மீளமைத்த கோப்பொன்றைத் திறக்கும்படி கோரலாம். அக்கோப்பின் முதற் பக்கத்தில், இது மீளமைக்கப்பட்டது, இன்ன தாள் இன்னாரிடமிருந்து இன்ன நாளில் பெறப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாமல் மூலம்போல் கட்டிவைப்பது பின்னர் வினையாகும்.

கேள்வி: பாடசாலையில் எவற்றை வைத்திருப்பது? பழைய விடைத்தாள்கள் ஓர் அறை நிறைய உள்ளன.
– அதிபர், திருக்கோவில்

பதில்: சேர்வு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டை ஆகியவற்றைக் கண்ணின் மணிபோலக் காக்க வேண்டும். ஐம்பது வயதான ஒருவர் தம் பிறந்த திகதியை நிறுவ வேண்டி வரும்போது சேர்வு இடாப்பின் ஒரு வரியையே நம்பி வருவார். தவணைப் பரீட்சை விடைத்தாள்களின் புள்ளிகள் புள்ளி இடாப்பில் ஏறி, மீள்பார்வைக்கான காலமும் கடந்துவிட்டால், அவற்றின் வேலை முடிந்துவிட்டது. அவற்றை நீக்குவதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியைப் பெறுங்கள். பதிப்பகங்களின் விளம்பரங்களுக்கும் காலங்கடந்த கால அட்டவணைகளுக்கும் எவரிடமும் அனுமதி தேவையில்லை. பழையது என்பதற்காக மட்டும் எதுவும் பதிவேடாகிவிடாது. 1978 சூறாவளிச் செய்தி வந்த பத்திரிகைக் கட்டு உங்களிடம் இருந்தால் அது பெறுமதியானது. ஆனால் அது செல்ல வேண்டிய இடம் நூலகம்.

கேள்வி: அடுத்த மாதம் ஓய்வு பெறுகின்றேன். எனது மேசையில் உள்ளவற்றில் எவற்றை வீட்டுக்குக் கொண்டு போகலாம்?
– பிரதேச செயலக உத்தியோகத்தர், ஆலையடிவேம்பு

பதில்: உங்கள் நியமனக் கடிதம், பதவியுயர்வுக் கடிதங்கள் ஆகியவற்றில் உங்களுக்கென வழங்கிய பிரதிகள், பாராட்டுக் கடிதங்கள், சொந்தமாக வாங்கிய புத்தகங்கள், அலுவலகத்தோடு தொடர்பில்லாத கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு போகலாம். நீங்களே தயாரித்த அறிக்கைகளும் திட்ட வரைவுகளும், நீங்கள் எழுதியவையாயினும், அலுவலகத்துக்கு உரியவை. வசதிக்காக எடுத்துவைத்த நிழற்பிரதிகளைப் பதிவேடு அல்லாதவை என்று நினைத்து எடுத்துச் செல்வதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அவற்றில் பொதுமக்களின் அடையாள அட்டை இலக்கங்களும் காணி விபரங்களும் இருக்கும். அவற்றை அலுவலகத்திலேயே துண்டுதுண்டாக்கிக் கழிக்கச் சொல்லுங்கள். கோப்புகளைப் பட்டியலிட்டு, பக்க எண்ணிக்கையும் எழுதி, பொறுப்பேற்பவரின் கையொப்பத்துடன் கையளியுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைத் தாராளமாக வீட்டுக்குக் கொண்டு போங்கள். கணினியில் உள்ளவற்றுக்கும், அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லுக்கும் அதே பட்டியலில் ஒரு வரி ஒதுக்குங்கள்.